அரிவாளணுவும் கறுப்பர் வாழ் நகரங்களும்

கிரெனடாத் தீவிலிருந்து பல் மருத்துவம் பயிலச் சிகாகோ வந்த கறுப்பின இளைஞர் ஒருவரின் குருதியில், அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்களைக் கண்ட செய்தியை மருத்துவர் சேம்சு எர்ரிக் 1910இல் வெளியிட்டார். அரிவாளணுச் சோகை மேலை மருத்துவ ஏட்டில் ஏறிய கதை இது. மேற்கு ஆப்பிரிக்கர் அந்நோயின் வலியை அதற்கு முன்பே பல தலைமுறைகளாக அறிந்திருந்தனர்.

வலியின் வேர் மிகச் சிறியது. ஈமோகுளோபினின் பீட்டாத் தொடரில் 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுள்ளன. ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். அங்கே வாலின் வந்து அமர்ந்துவிடுகிறது. உயிர்வளியை இறக்கி வைத்ததும் இம்மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நெடுங்கோல்களாகத் திரள்கின்றன. அணு விறைத்து வளைகிறது, நுண்குழல்களை அடைக்கிறது. குருதி எட்டாத எலும்பும் தசையும் துடிக்கின்றன. இயல்பான சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அரிவாளணு சில வாரங்களிலேயே சிதையும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் இம்மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், பெரும்பாலும் நலமாகவே வாழும் சுமப்பாளர்.

அமெரிக்க மருத்துவம் நெடுங்காலம் இதனைக் 'கறுப்பர் குருதி'யின் அடையாளமாகவே கொண்டது. வெள்ளையர் ஒருவருக்கு இந்நோய் கண்டால், அவருடைய முன்னோரில் கறுப்பர் எவரோ மறைந்திருப்பதாக ஐயுற்றனர். அந்த எண்ணத்துக்கு அறிவியலில் இடமில்லை. நீலகிரிப் பழங்குடியினரிடையே இம்மரபணு இருப்பதை ஆய்வாளர்கள் இலேமனும் கட்புசும் 1952இல் வெளியிட்டனர். சுமப்பாளரை மலேரியா கடுமையாகத் தாக்குவதில்லை என ஆய்வாளர் ஆலிசன் 1954இல் காட்டினார். கொசுவும் காய்ச்சலும் நிலைபெற்ற நிலங்களில் இம்மரபணு தழைத்தது. தோலின் நிறத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆயினும் அறிவு மிக்கோரும் தடுமாறினர். இந்நோய் மூலக்கூற்றின் பிழை என்று 1949இல் நிறுவிய பெருமை வேதியியலறிஞர் இலைனசு பாலிங்குக்கும் அவர் குழுவினருக்கும் உரியது. அதே பாலிங் 1968இல், சுமப்பாளர் ஒவ்வொருவரின் நெற்றியிலும் பச்சை குத்த வேண்டும் என்று எழுதினார். சந்திக்கும் இளையோர் இருவரும் சுமப்பாளராயின், காதல் கொள்ளாமல் ஒருவரையொருவர் விலகிச் செல்வராம்! துயரைக் குறைக்கும் நோக்கம்தான். ஆனால் எவருடைய நெற்றி அது என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆய்வுக்கான பணம் வேறு திசையில் பாய்ந்தது. அரிவாளணுச் சோகையுடன் பிறக்கும் குழந்தைகளும், வெள்ளையரை மிகுதியாகத் தாக்கும் 'சிசுட்டிக் பைப்ரோசிசு' நோயுடன் பிறக்கும் குழந்தைகளும் 1967இல் அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையினராக இருந்தனர். அவ்வாண்டில் பின்னதற்குப் பொதுமக்களிடம் திரண்ட நன்கொடை 19 இலட்சம் டாலர். முன்னதற்கு ஓர் இலட்சத்தையும் எட்டவில்லை. மருத்துவர் இராபர்ட் இசுகாட் 1970இல் வெளியிட்ட இந்த ஒப்பீடு பலருக்குச் சினமூட்டியது.

கறுப்பர் உரிமைக்காக அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் 1966இல் தோன்றிய கருஞ்சிறுத்தைக் கட்சி, 1970 முதல் தன் கிளைகள் யாவும் இலவச மருத்துவ நிலையம் நடத்த வேண்டும் எனப் பணித்தது. 1971இல் அரிவாளணு ஆய்வைத் தெருவுக்கே கொண்டுசென்றது. 1972 மார்ச்சில் ஓக்லாந்தில் கூடிய மாநாட்டில் மளிகைப் பைகளும் குருதி ஆய்வும் ஒருங்கே இலவசமாக வழங்கப்பட்டன. விரல் நுனியில் ஒரு துளி. கரைசல் கலங்கினால் மரபணு உண்டு. இவ்வெளிய ஆய்வுக்கு ஒரு குறை இருந்தது: நோயாளர் யார், சுமப்பாளர் யார் என்று அது பிரித்துக் காட்டாது. அதற்கு மின்புலப் பிரிகை வேண்டும்.

அந்தக் குறையே பின்னர்ச் சட்டமாயிற்று. அதிபர் நிக்சனின் அரசு 1972 மே மாதம் அரிவாளணுச் சோகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொணர்ந்து நிதி ஒதுக்கியது. அது கறுப்பர் எழுப்பிய குரலின் வெற்றியே. ஆனால் பல மாநிலங்கள் ஆய்வைக் கட்டாயமாக்கின. சில சட்டங்கள் சுமப்பாளரையும் நோயாளராகவே எழுதிவைத்தன. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, வேலைகள் மறுக்கப்பட்டன, 1981 வரை அமெரிக்க வான்படைக் கழகம் சுமப்பாளரைச் சேர்க்கவில்லை. அண்டை வீட்டார் நம்பித் தந்த அதே துளிக் குருதி, அரசின் பதிவேட்டில் ஏறியதும் குற்றச்சாட்டாக மாறியது.

இலண்டனில் போராட்டம் வேறு வடிவம் கொண்டது. நைசீரியத் தந்தைக்கும் அயர்லாந்து வழித் தாய்க்கும் பிறந்த செவிலியர் எலிசபெத்து அனியோன்வு, 1979இல் பிரென்ட் பகுதியில் அரிவாளணு அறிவுரை நிலையத்தை உருவாக்கினார். பிரித்தானியாவில் அதுவே முதலாவது. 1986இல் அமெரிக்க ஆய்வொன்று, நோயுற்ற சிறு குழந்தைகளுக்கு நாள்தோறும் பெனிசிலின் கொடுத்தால் உயிர்பறிக்கும் தொற்று பெரிதும் குறையும் என்று காட்டியது. பிறந்தவுடன் ஆய்வு செய்ய இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. எனினும் இங்கிலாந்து முழுமைக்கும் அவ்வாய்வு பரவ 2006 ஆயிற்று. பிரேசிலிலும் கறுப்பர் இயக்கம் இடைவிடாது கேட்டது. 2001இல் அந்நாட்டின் பச்சிளங்குழந்தை ஆய்வுத் திட்டத்தில் இந்நோய் சேர்ந்தது.

2023 நவம்பரில் இந்நோய்க்கான மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு உலகில் முதன்முதலாக இசைவளித்த நாடு பிரித்தானியா. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டாலர். அதற்கு ஈராண்டு முன்பு வந்த பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை வேறொன்றைப் பேசியது. வலியோடு வருபவருக்கு 30 நிமிடத்துக்குள் வலிநீக்கி தரவேண்டும் என்ற நெறி 2012 முதல் நடப்பில் உள்ளது. அவசரப் பிரிவுகளில் அது பலமுறை மீறப்படுகிறது. வலியில் துடிக்கும் கறுப்பர் போதைமருந்து தேடி வந்தவராக ஐயுறப்படுகிறார். அக்குழுவின் முன் சான்றளித்த நோயாளர் கேட்டது அந்த 30 நிமிடத்தைத்தான்.