கடைக்காரர் சொன்ன வேகமும் கணினி சொன்ன வேகமும்

சென்ற வருட இறுதியில் எங்கள் வீட்டுக்கு ஒரு புதிய கணினி வந்தது. வாப்பாவின் சீட்டுக் காசும் ராத்தாவின் சேமிப்பும் சேர்ந்துதான் அதை வாங்கினோம். ராத்தா வீட்டில் இருந்தபடியே கல்யாண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பவர். நான் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிப்பவள். ஆகவே, வேகமான கணினி வேண்டும் என்பதில் இருவருமே குறியாக இருந்தோம்.

கடையில் இரண்டு கணினிகளைக் காட்டினார்கள். இரண்டிலும் ஒரே புரொசசர். ஆனால் ஒன்றின் விலை மற்றதை விட 18,000 ரூபா கூட. காரணம் கேட்டபோது, "இது ஓவர்குளொக் பண்ணினது தங்கச்சி, 4.4 கிகாஹேர்ட்ஸ்ல ஓடும்" என்றார் கடைக்காரர். பில்லிலும் அப்படியே எழுதித் தந்தார். வாப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தப் 18,000 ரூபாவுக்கு நான்தான் பொறுப்பு.

அன்றிரவு விண்டோஸின் அமைப்புகள் பக்கத்தில் கணினியின் விபரங்களைத் திறந்து பார்த்தேன். புரொசசரின் பெயருக்குப் பக்கத்தில் 2.50 கிகாஹேர்ட்ஸ் என்று இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. 4.4 எங்கே, 2.5 எங்கே! "அந்த ஆள் கள்ளன்" என்று உம்மாவிடம் சொன்னேன். மாமிக்கும் போன் எடுத்துச் சொன்னேன். காலையாகும்போது கதை குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது.

வாப்பா பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவர் கோபப்படவில்லை. "நாம தராசு பிடிக்கிற ஆக்கள் மகள். அளந்து பார்க்காம ஒருத்தரையும் கள்ளன் எண்டு சொல்லக் கூடாது. முதல்ல அளந்து பாருங்க" என்றார். அவர் சொன்னபடி நான் அளந்த கதைதான் இந்தக் கட்டுரை. இதைப் படிக்கும் தோழிகளுக்கும் பெற்றோருக்கும் கணினி வாங்கும்போது உதவும் என்று நம்புகிறேன்.

வேகம் என்றால் என்ன?

நமது பாடநூல்களில் முறைவழியாக்கி எனப்படும் புரொசசர், ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. ஒரு செக்கனில் நூறு கோடித் துடிப்புகள் என்றால் அது ஒரு கிகாஹேர்ட்ஸ். 4.4 கிகாஹேர்ட்ஸ் என்பது செக்கனுக்கு 440 கோடித் துடிப்புகள்.

இந்த எண் ஒரு சின்னப் பெருக்கலில் கிடைப்பது. தாய்ப்பலகை ஓர் அடிப்படைத் துடிப்பைத் தருகிறது. இன்றைய இன்டெல் கணினிகளில் அது பொதுவாக 100 மெகாஹேர்ட்ஸ். புரொசசர் அதை ஒரு பெருக்கியால் பெருக்கிக்கொள்ளும். பெருக்கி 25 என்றால் 2.5 கிகாஹேர்ட்ஸ், 44 என்றால் 4.4 கிகாஹேர்ட்ஸ். ஆகவே வேகத்தைக் கூட்ட இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று அடிப்படைத் துடிப்பைக் கூட்டுவது, மற்றது பெருக்கியைக் கூட்டுவது. உற்பத்தியாளர் விதித்த எல்லையைத் தாண்டி இப்படிக் கூட்டுவதற்குத்தான் ஓவர்குளொக் என்று பெயர்.

இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் 1998இல் வந்த இன்டெல் செலரோன் 300ஏ. அதன் பெருக்கி 4.5, அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹேர்ட்ஸ், வேகம் 300 மெகாஹேர்ட்ஸ். அந்தத் துடிப்பை 100க்கு மாற்றியவர்களுக்கு 450 மெகாஹேர்ட்ஸ் கிடைத்தது. குறைந்த விலைச் சில்லு விலை கூடிய சில்லின் வேலையைச் செய்தது. சில்லுகளைத் தயாரிக்கும்போது உற்பத்தியாளர்கள் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் இடம் விட்டு வைப்பார்கள். ஓவர்குளொக் செய்பவர்கள் அந்த இடத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

அதே காலத்தில் இதன் மறுபக்கமும் இருந்தது. குறைந்த வேகச் சில்லின் மேலிருந்த எழுத்தை அழித்து, கூடிய வேகத்தை அச்சடித்து விற்றவர்களும் இருந்தார்கள். பெரும்பாலான இன்டெல் சில்லுகளின் பெருக்கி பூட்டப்பட்டது.

என் முதல் பிழை

எங்கள் புரொசசரின் முழுப்பெயர் இன்டெல் கோர் ஐ5-12400எஃப். இன்டெல் நிறுவனம் வெளியிட்டுள்ள விபரத்தைத் தேடிப் படித்தேன். ஆறு கருக்கள். அடிப்படை வேகம் 2.5 கிகாஹேர்ட்ஸ். அதிகூடிய டர்போ வேகம் 4.4 கிகாஹேர்ட்ஸ்.

அப்போதுதான் விளங்கியது. நான் பார்த்துப் பதறிய 2.50 என்பது அடிப்படை வேகம். விபரப் பக்கம் அதைத்தான் காட்டும், அந்த நிமிடத்தில் ஓடும் வேகத்தை அல்ல. ஓடும் வேகத்தைப் பார்க்க கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மெனேஜரைத் திறந்து, செயற்றிறன் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு எண்களும் தனித்தனியே இருந்தன. அடிப்படை வேகம் 2.50 என்று அசையாமல் நின்றது. ஓடும் வேகம் ஏறி இறங்கி, இடையிடையே 4.3ஐயும் தொட்டது.

ஆக, கணினியில் வேகம் குறையவில்லை. கடைக்காரரைக் கள்ளன் என்று நான் சொன்ன காரணம் பிழை. உம்மாவிடமும் மாமியிடமும் அதைச் சொல்லித் திருத்திக்கொண்டேன். ஆனால் இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. 4.4 என்பது தொழிற்சாலையே தந்த வேகம் என்றால், 18,000 ரூபாவுக்கு அவர் செய்த ஓவர்குளொக் எது?

டர்போ வேறு, ஓவர்குளொக் வேறு

பலர் குழம்புவது இந்த இடத்தில்தான். 2008இல் வந்த முதல் கோர் ஐ7 சில்லுகளோடு இன்டெல் டர்போ பூஸ்ட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. வேலை கூடும்போது, சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால், புரொசசர் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் இறங்கிவிடும். ஏஎம்டி சில்லுகளிலும் இப்படி ஒரு வசதி உண்டு. இது உற்பத்தியாளர் கொடுத்தது, பெட்டியிலேயே எழுதியிருப்பது. இதற்குக் கடையில் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஓவர்குளொக் என்பது அந்த உச்ச எல்லையையும் தாண்டுவது. அதற்குச் சில்லும் தாய்ப்பலகையும் இரண்டும் இடம் கொடுக்க வேண்டும். இன்டெல் கோர் வரிசையில் பெருக்கி திறந்திருக்கும் மேசைக் கணினிச் சில்லுகளின் பெயரில் பொதுவாகக் 'கே' என்ற எழுத்து வரும். உதாரணமாக, ஐ5-12600கே. எங்களுடையதில் இருப்பது 'எஃப்'. அதன் அர்த்தம் சில்லுக்குள் வரைகலைப் பகுதி இல்லை, தனி வரைகலை அட்டை வேண்டும் என்பது மட்டும்தான். தாய்ப்பலகையிலும் 'இசட்' வரிசையில்தான் இன்டெல் அந்தப் பெருக்கியை மாற்ற விடுகிறது. எங்கள் தாய்ப்பலகை எச்610. ஏஎம்டி ரைசன் சில்லுகளில் பெரும்பாலானவை திறந்தவை. ஆனால் அங்கும் ஏ320, ஏ520 போன்ற 'ஏ' வரிசைப் பலகைகளில் புரொசசரை ஓவர்குளொக் செய்ய முடியாது.

பெயரைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடுகிறது. ஆனாலும் வாப்பா சொன்னபடி அளந்தே பார்க்க நினைத்தேன்.

அளந்த விதம்

சீபீயூ-இசட் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதை அதன் உரிய தளத்திலிருந்தே இறக்கிக்கொண்டேன். திறந்தவுடன் புரொசசரின் பெயர், ஓடும் வேகம், பெருக்கி, அடிப்படைத் துடிப்பு எல்லாம் ஒரே பக்கத்தில் தெரியும். தாய்ப்பலகையின் பெயரும் அடுத்த பக்கத்தில் இருக்கும். ஒரு கொப்பியில் மூன்று தடவை குறித்தேன்.

முதலாவது, எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கணினியைச் சும்மா வைத்தபோது. பெருக்கி 8க்கு இறங்கியது. வேகம் 800 மெகாஹேர்ட்ஸ் அளவு. இது பழுதல்ல. வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது.

இரண்டாவது, ஒரே ஒரு கருவுக்கு மட்டும் வேலை கொடுத்தபோது. பெருக்கி 44 வரை ஏறியது.

மூன்றாவது, அந்த மென்பொருளிலேயே உள்ள அழுத்தச் சோதனையை ஓடவிட்டு, ஆறு கருக்களுக்கும் முழு வேலை கொடுத்தபோது. பெருக்கி 40இல் நின்றது. அடிப்படைத் துடிப்பு 99.8. இரண்டையும் பெருக்கினால் 3992 மெகாஹேர்ட்ஸ், அதாவது கிட்டத்தட்ட 4 கிகாஹேர்ட்ஸ். எல்லாக் கருக்களும் ஒன்றாக உழைக்கும்போது ஒற்றைக் கருவுக்குரிய உச்சம் கிடைக்காது. டர்போவின் இயல்பே அதுதான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பூட்டிய சில்லுகளைக்கூட, சில விலை கூடிய தாய்ப்பலகைகளில் அடிப்படைத் துடிப்பை உயர்த்தி ஓவர்குளொக் செய்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்திருந்தால் அந்தத் துடிப்பு 100ஐ விட நன்றாகக் கூடியிருக்கும். பெருக்கியைக் கூட்டியிருந்தால் அது 44ஐத் தாண்டியிருக்கும். மூன்று தடவையும் துடிப்பு 100ஐத் தாண்டவில்லை, பெருக்கி 44ஐத் தாண்டவில்லை. வேறு வழி இல்லாதபடியால் முடிவும் ஒன்றுதான். எங்கள் கணினி ஓவர்குளொக் செய்யப்படவில்லை.

உண்மையில் செய்திருந்தால் நல்லதா?

இதையும் யோசித்துப் பார்த்தேன். வேகத்தைக் கூட்டும்போது அநேகமாக மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டி வரும். சில்லு செலவழிக்கும் வலு, வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் ஏற்பக் கூடுகிறது. இரண்டையும் 10 வீதம் கூட்டினால் 1.1ஐ 1.21ஆல் பெருக்க வேண்டும். வருவது 1.33. பத்து வீத வேகத்துக்காக மூன்றில் ஒரு பங்கு மேலதிக வலு! அத்தனையும் சூடாகத்தான் வெளியேறும். நமது ஊர் வெயிலில், சாதாரண விசிறியோடு அதைத் தாங்குவது கஷ்டம். ராத்தா இரவு முழுக்க வீடியோ ஏற்றும்போது கணினி நடுவில் நின்றுபோனால் வேகத்தால் என்ன பயன்? ஓவர்குளொக்கால் வரும் பழுதுக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் பொதுவாகக் கிடைப்பதும் இல்லை. ஆகவே, தெரிந்தவர்கள் நல்ல குளிர்விப்பானோடு செய்ய வேண்டிய வேலை அது.

மீண்டும் கடைக்கு

சனிக்கிழமை வாப்பாவும் நானும் கொப்பியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். அந்த விலை குறைந்த கணினி இன்னும் மேசையில்தான் இருந்தது. நான் குற்றம் எதுவும் சொல்லவில்லை. "நானா, இதிலயும் ஒருக்கா இந்தச் சோதனையைப் போட்டுப் பார்ப்பமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சம்மதித்தார். ஒரு கருவுக்கு 44, ஆறு கருக்களுக்கும் 40, துடிப்பு 99.8. என் கொப்பியில் இருந்த அதே எண்கள்.

அவர் திரையையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "பொருத்துற பொடியன் அப்பிடித்தான் சொன்னான், நானும் நம்பிட்டேன்" என்றார். அது உண்மையோ இல்லையோ, அதை அளக்க என்னிடம் கருவி இல்லை. காசாகத் திருப்பித் தரக் கஷ்டம் என்றார். அதே பெறுமதிக்கு ரேமும் ஒரு சேமிப்புத் தட்டும் போட்டுத் தந்தார். வாப்பா ஒத்துக்கொண்டார். ராத்தாவுக்கு அது வேகத்தை விடவும் பிரயோசனமாக அமைந்தது.

தோழிகளே, பெற்றோர்களே, கணினி வாங்கப் போகும்போது இவற்றை நினைவில் வையுங்கள். ஐ5, ஐ7 என்று மட்டும் இல்லாமல் புரொசசரின் முழுப்பெயரையும், தாய்ப்பலகையின் பெயரையும் பில்லில் எழுதி வாங்குங்கள். உற்பத்தியாளர் வெளியிட்ட அடிப்படை வேகத்தையும் டர்போ வேகத்தையும் போனிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்லும் வேகம் டர்போ வேகத்துக்குள் இருந்தால் அதற்கு மேலதிகக் காசு கொடுக்காதீர்கள். ஓவர்குளொக் என்று சொன்னால், துடிப்பையும் பெருக்கியையும் கடையிலேயே காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை அது.

வாப்பாவின் கடைத் தராசில் அரச முத்திரை இருக்கிறது. வாங்க வருபவர் முள்ளைப் பார்த்துவிட்டு நிம்மதியாகக் காசு கொடுக்கிறார். கணினிக்குள்ளும் அப்படி ஒரு தராசு இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரியாமல் நான் 18,000 ரூபாவுக்குத் தலையாட்டினேன். பாதி பார்த்துவிட்டு ஒருவரைக் கள்ளன் என்றேன். இரண்டில் எது பெரிய பிழை என்று வாப்பாவிடம் கேட்டேன். "காசு திரும்ப வரும் மகள்" என்றார்.