வீட்டுக்குள் பசுமை – 9: பூனை மெல்லும் இலை

பூனையும் நாயும் இறைச்சி உண்ணும் விலங்குகள். ஆனாலும் அவ்வப்போது புல் கடிக்கும். இது பெரும்பாலும் நோயின் அறிகுறி அல்ல, அவற்றின் இயல்பு. தெருநாய் அறுகம்புல்லைத் தேடி மெல்வதைப் பலரும் பார்த்திருப்பார்கள். குப்பைமேனியின் வேரை மோந்தால் பூனை கிறங்கிப் புரளும். சித்த மருத்துவத்தில் அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. அடுக்குமாடி வீட்டில் வளரும் பூனைக்கு அறுகும் கிடையாது, குப்பைமேனியும் கிடையாது. அதன் வாய்க்கு எட்டுவது கூடத்தில் தொங்கும் மணி பிளாண்ட்தான்.

மணி பிளாண்ட் சேம்பின் குடும்பம். டிஃபன்பாக்கியா, பிலோடென்ட்ரான், மான்ஸ்டெரா, சிங்கோனியம், அக்லோனிமா, ஆந்தூரியம், பீஸ் லில்லி எல்லாம் அதே குடும்பம்தான். இவற்றின் இலையிலும் தண்டிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாக நிறைந்திருக்கிறது. சரியாக வேகாத சேம்போ கருணையோ தொண்டையில் அரிப்பதற்குக் காரணமும் இந்த ஊசிகளே. அதனால்தான் அவற்றைப் புளி விட்டு நன்றாக வேகவைக்கிறார்கள். பச்சை இலையைக் கடித்த பூனைக்கு நாக்கும் உதடும் எரிந்து வீங்கும், எச்சில் வழியும், வாந்தி வரும். முதல் கடியிலேயே எரிவதால் பெரும்பாலும் அதிகம் தின்னாது. உயிருக்கு ஆபத்து அரிது. இந்தச் செடிகளை வீட்டைவிட்டு அகற்ற வேண்டியதில்லை. கொடியைத் தரையில் படரவிடாமல் உயரத்தில் தொங்கவிட்டு, கீழிறங்கும் நுனியை அவ்வப்போது கத்தரித்தால் போதும்.

கற்றாழையின் நடுவிலுள்ள சோற்றைவிட, தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பாலே கேடு செய்வது. தின்ற நாய்க்கு வயிற்றுப்போக்கு பிடிக்கும். ஸ்நேக் பிளாண்டில் உள்ள சப்போனின் வாந்தியை வரவழைக்கும். ரணகள்ளி இவற்றைவிடக் கொடியது. அரளியிலும் அடீனியத்திலும் இருப்பதைப் போல இதயத்துடிப்பைக் குலைக்கும் நஞ்சு அதில் இருக்கிறது. நாயோ பூனையோ திரியும் பால்கனியில் ரணகள்ளி, அரளி, அடீனியம் ஆகிய மூன்றையும் வைக்காமலிருப்பதே நல்லது.

பூனை வளர்க்கும் வீட்டுக்குள் எந்த நிலையிலும் வரக் கூடாதது லில்லி. பீஸ் லில்லி பெயரில் மட்டுமே லில்லி. ஆசியாட்டிக், ஓரியன்டல், ஈஸ்டர் லில்லி ஆகிய உண்மையான லில்லிகளும் டே லில்லியும்தான் பூனையின் சிறுநீரகத்தை அழிப்பவை. இலை, இதழ், தண்டு, மகரந்தம், பூச்சாடியில் தேங்கிய நீர் என எல்லாமே நஞ்சு. பூனை இலையைக் கடிக்கக்கூட வேண்டாம். உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கிச் சுத்தம் செய்தாலே போதும். சில மணி நேரத்தில் வாந்தி தொடங்கி, இரையெடுக்காமல் சுருண்டு படுக்கும். பிறகு சற்றே தேறியதுபோலத் தோன்றுவதும் உண்டு. அதை நம்பிக் காத்திருந்தால் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் சிறுநீரகம் செயலிழக்கும். சுமார் 18 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. இந்த நஞ்சு எந்த வேதிப்பொருள் என்பதை அறிவியல் இன்னும் உறுதி செய்யவில்லை. இதே லில்லியைத் தின்ற நாய்க்கு வருவது வயிற்றுக் கோளாறு மட்டுமே. பிறந்தநாள் பூங்கொத்து வீட்டுக்கு வந்தால், சாடியில் வைக்கும் முன் அதில் லில்லி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

நாய்க்கு அந்த இடத்தில் இருப்பது சைக்கஸ். சேகோ பாம் என்ற பெயரில் விற்றாலும் அது பனை இனமே அல்ல. செடி முழுவதும் நஞ்சு, விதையில் மிக அதிகம். ஒன்றிரண்டு விதைகளே கல்லீரலை அழித்து நாயைக் கொல்லக்கூடும். நாய்க்குட்டி வளரும் வீட்டின் வாசலில் சைக்கஸ் தொட்டி வேண்டாம்.

செடியைப் பார்ப்பவர்கள் அடியுரத்தைக் கவனிப்பதில்லை. ஆமணக்குப் புண்ணாக்கின் மணம் நாயை இழுக்கும். தொட்டி மண்ணைக் கிளறித் தின்னும். நன்கு சூடேற்றிப் பதப்படுத்தாத புண்ணாக்கில் ரைசின் என்ற கொடிய நஞ்சு தங்கியிருக்கும். மண்புழு உரமோ மக்கிய தொழுவுரமோ போதுமானது. மாவுப்பூச்சி வந்தால் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். பெர்மெத்ரின் கலந்த பூச்சிமருந்து பூனைக்கு நஞ்சு.

கவலையின்றி வைக்கத்தக்க செடிகளும் நிறையவே உள்ளன. அரிக்கா பாம், ஸ்பைடர் பிளாண்ட், பாஸ்டன் பெரணி, கலாத்தியா, பெப்பரோமியா, ஆப்பிரிக்கன் வயலட், ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் ஆகியவை நாய்க்கும் பூனைக்கும் நஞ்சல்ல. அரிக்காவுக்கு நேர் வெயில் படாத நல்ல வெளிச்சம் வேண்டும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்தபின் நீர் ஊற்றலாம். பெரணியின் மண் காயவே கூடாது. ஸ்பைடர் பிளாண்டின் நீண்ட இலைகளைப் பூனை விளையாட்டுப் பொருளாகவே எண்ணும். அதை மட்டும் தொங்கவிடுவது செடிக்கு நல்லது. பூனை மண்ணைத் தோண்டாமலிருக்கத் தொட்டியின் மேல் கனமான கூழாங்கற்களைப் பரப்பலாம். அகலத் தட்டில் கோதுமை விதைத்தால் ஒரு வாரத்தில் கடிக்கப் புல் கிடைக்கும். பிற செடிகளின்மேல் அதன் கவனம் குறையும்.

இத்தனைக்குப் பிறகும் செல்லப்பிராணி நஞ்சுள்ள இலையைத் தின்றுவிட்டால், வாயிலுள்ள மிச்சத்தை எடுத்து நீரால் கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. உடலில் உப்பு மிகுந்து வலிப்பே வரலாம். அறிகுறி தோன்றும்வரை காத்திருக்கவும் கூடாது. கடித்த இலையையோ பூவையோ ஒரு பையில் போட்டுக்கொண்டு, எப்போது தின்றது, எவ்வளவு தின்றது என்ற விவரத்துடன் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். எந்தச் செடி என்று தெரிந்தால்தான் அவரால் சரியான சிகிச்சையை உடனே தொடங்க முடியும்.