சட்டிக்கு ஜிலேபி... ஆற்றுக்கு மஹசீர்! காவிரி கரையில் தூண்டில்காரர்களின் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். மேட்டூர், ஒகேனக்கல், பவானி என்று காவிரி கரையோரம் முழுக்க தூண்டிலும் கையுமாக ஆட்களை பார்க்கலாம்.

மண்புழு டப்பா, மைதா மாவு உருண்டை, ஒரு தக்கை, கொஞ்சம் தங்கூசி நரம்பு. செலவு அவ்வளவுதான். மதியத்துக்குள் நாலு மீன் மாட்டினால் வீட்டில் குழம்பு கொதிக்கும். மாட்டாவிட்டால் கறிக்கடைதான்.

இதே காவிரியில் இன்னொரு கூட்டமும் உண்டு. பல ஆயிரம் ரூபாய்க்கு ராடு, ரீல் வாங்கி, நாள் முழுக்க வெயிலில் காய்ந்து, 10 கிலோ மீனை பிடிப்பார்கள். போட்டோ எடுப்பார்கள். அப்புறம் மீனை ஆற்றிலேயே விட்டு விடுவார்கள்.

"என்னண்ணா, கைக்கு வந்ததை தண்ணியில விடுறாங்க. இவங்களுக்கு கிறுக்கா?" என்று கரையில் நிற்பவர்கள் தலையில் அடித்துக் கொள்வது உண்டு.

கிறுக்கு இல்லை. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதே சமயம் பிடித்த மீனை எல்லாம் விட்டால் ஆறு நன்றாகி விடும் என்று நினைப்பதும் தப்பு. எந்த மீனை தின்னலாம், எந்த மீனை விட வேண்டும், எந்த மீனை விடவே கூடாது? அதன் விவரம் வருமாறு:-

ஜிலேபிக்கு முதல் இடம்

காவிரியில் தூண்டில் போடுபவர்களுக்கு அதிகம் மாட்டுவது ஜிலேபி மீன். திலேப்பியா என்பது இதன் நிஜ பெயர். சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1952-ல் இந்தியாவுக்கு கொண்டு வரப்பட்டது. இன்று குளம், ஏரி, அணை என்று இது இல்லாத தண்ணீர் இல்லை.

வருடத்தில் பல முறை குஞ்சு பொரிக்கும். முட்டையையும் குஞ்சுகளையும் தாய் மீன் வாய்க்குள் வைத்து காப்பாற்றும். ஆபத்து வந்தால் குஞ்சுகள் எல்லாம் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிந்து கொள்ளும். அதனால் சேதாரம் குறைவு. மற்ற மீன்களின் தீனியையும் இடத்தையும் பிடித்துக் கொண்டு பெருகி விடுகிறது.

பொடி ஜிலேபியை பாவம் பார்த்து விடுவதால் பெரிய லாபம் இல்லை. கூட்டம் அதிகமானால் தீனி பற்றாது. எல்லாம் உள்ளங்கை அளவிலேயே நின்று போகும். எனவே ஜிலேபி மாட்டினால் யோசிக்காமல் பையில் போடலாம்.

ருசியிலும் குறை இல்லை. சதை கெட்டி. பொடி முள் அதிகம் கிடையாது. மிளகாய்த்தூள், உப்பு, மஞ்சள் தடவி எண்ணெயில் போட்டால் குழந்தைகள்கூட பயமில்லாமல் சாப்பிடும். சேற்று வாடை அடித்தால் கல் உப்பு போட்டு நன்றாக தேய்த்து, புளி தண்ணீரில் அலசினால் போய்விடும்.

குழம்புக்கு விரால்

ருசி என்று வந்தால் விராலை அடித்துக் கொள்ள ஆள் இல்லை. நடுவில் ஒரே முள். சுற்றிலும் சதை. உடம்பு முடியாமல் எழுந்தவர்களுக்கு விரால் குழம்பு வைத்து கொடுப்பது பல வீடுகளில் இன்றும் வழக்கம்.

தண்ணீருக்கு வெளியேயும் காற்றை சுவாசித்து நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். சந்தையில் உயிரோடு துள்ளத்துள்ள விற்பது அதனால்தான்.

ஆனால் விராலில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். விரால் குஞ்சுகள் சிவப்பு நிறத்தில் கூட்டமாக தண்ணீர் மேலே வந்து வந்து போகும். தாயும் தகப்பனும் அதற்கு கீழேயே காவல் சுற்றும். குஞ்சுக்கு பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும்.

இது தெரிந்த சிலர் குஞ்சு கூட்டத்தை பார்த்ததும் அங்கேயே தூண்டிலை போடுவார்கள். சீக்கிரம் மாட்டும்தான். ஆனால் காவலுக்கு நின்ற பெரிய மீன் போனதும் அத்தனை குஞ்சையும் மற்ற மீன்கள் விழுங்கி விடும். ஒரு விராலுக்காக நூற்றுக்கணக்கான விராலை இழக்கிற வேலை இது. குஞ்சோடு இருக்கும் விராலை விட்டு விடுவதுதான் புத்திசாலித்தனம்.

ரோகு, கட்லா எப்படி?

ரோகு, கட்லா, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கை சீமை மீன்கள். இங்கே அணைகளிலும் ஏரிகளிலும் குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கப்படுகின்றன. ஒரு தாய் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். அளவான மீனை எடுத்து சமைப்பதால் நஷ்டம் இல்லை.

குழம்புக்கு கட்லா தலை, வறுவலுக்கு ரோகு நடுத்துண்டு என்று சாப்பிடுபவர்கள் உண்டு. சதைக்குள் கவை முள் இருக்கும். பிள்ளைகளுக்கு பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

ஆற்று வாளை கதை வேறு. முள் குறைவு, கொழுப்பு அதிகம் என்பதால் இதற்கு எப்போதும் கிராக்கி. ஆனால் எண்ணிக்கை குறைந்து வருவதால் அழியும் ஆபத்துள்ள மீன்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. சின்ன வாளை மாட்டினால் விட்டு விடுவது நல்லது.

காவிரியின் ராஜா

இனி மஹசீர் கதைக்கு வருவோம். கெண்டை குடும்பத்தில் இதுதான் ராஜா. உள்ளங்கை அகலத்துக்கு செதில். தடித்த உதடு. பாறைகளுக்கு இடையே சீறிப்பாயும் தண்ணீரில் எதிர்நீச்சல் போட்டு வாழும். ராகி மாவு உருண்டை என்றால் விடாது. மாட்டினால் ஒரே இழுப்பில் ரீலில் உள்ள நரம்பு பாதி காலியாகும்.

காவிரிக்கு என்றே ஒரு மஹசீர் உண்டு. முதுகில் திமில் போல மேடு இருக்கும். துடுப்புகள் ஆரஞ்சு நிறம். இந்த உலகத்தில் காவிரியையும் அதன் கிளை ஆறுகளையும் தவிர வேறு எங்கும் இது இல்லை.

1946-ல் மைசூரை சேர்ந்த வான் இன்கன் என்பவர் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடித்த மஹசீரின் எடை 120 பவுண்டு. அதாவது சுமார் 54 கிலோ. ஒரு ஆள் எடை! பிறந்த நாட்டை விட்டு கடல் கடந்து வெள்ளைக்காரர்கள் காவிரிக்கு தூண்டிலோடு வந்தது இந்த மீனுக்காகத்தான்.

அந்த காலத்தில் பிடித்ததை சமைத்தும் சாப்பிட்டார்கள். மஹசீர் ருசியில்லாத மீன் என்று இல்லை. பிறகு ஏன் விட ஆரம்பித்தார்கள்?

பிடி... விடு!

மஹசீர் மெதுவாக வளரும் மீன். ரோகு, கட்லா அளவுக்கு முட்டையும் இடாது. அந்த முட்டை பிழைக்க சுத்தமான ஓடும் தண்ணீரும், கூழாங்கல் தரையும் வேண்டும். பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண் மீன்கள். ஒரு பெரிய மஹசீரை வெட்டினால் பல வருட தாய் மீன் ஒன்று போச்சு என்று அர்த்தம்.

அணைகள் கட்டியதில் மீன் ஏறி இறங்கும் வழி அடைபட்டது. ஆற்றில் தோட்டா வீசி மீன் பிடிக்கும் கொடுமையும் சேர்ந்து கொண்டது. தோட்டா வெடித்தால் பெரியது, சின்னது, முட்டை, குஞ்சு எல்லாம் சேர்ந்து சாகும்.

1972-ல் பெங்களூரில் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்கு சங்கம் காவிரியின் ஒரு பகுதியை குத்தகைக்கு எடுத்து காவல் போட்டது. பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமக்களி ஆகிய இடங்களில் கர்நாடக அரசு நிறுவனம் தூண்டில் முகாம்களை நடத்தியது. பிடித்த மஹசீரை எடை போட்டு, குறிப்பேட்டில் எழுதி, உயிரோடு விட வேண்டும் என்பது விதி.

முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்த உள்ளூர் ஆட்கள் சிலர் முகாம்களில் வழிகாட்டியாக வேலைக்கு சேர்ந்தனர். செத்த மீனைவிட உயிரோடு இருக்கும் மீன் அவர்களுக்கு அதிக சம்பாத்தியம் தந்தது. காவல் இருந்த இடத்தில் தோட்டாக்காரர்கள் தலைகாட்டவில்லை.

குறிப்பேடு சொன்ன அதிர்ச்சி

இங்கேதான் கதையில் திருப்பம். காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதி வைத்த குறிப்புகளை ஆராய்ச்சியாளர்கள் எடுத்து பார்த்தனர். 6 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மஹசீர் பிடித்து விடப்பட்டிருந்தன. மொத்த எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. ஆஹா, காவிரி செழிக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பிரித்து பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. பெருகியது எல்லாம் நீல துடுப்பு மஹசீர். அது காவிரியின் சொந்த மீன் அல்ல. மராட்டிய மாநிலம் லோனாவாலாவில் குஞ்சு பொரித்து, 1970-களில் இருந்து காவிரியில் விடப்பட்டது. மீன் வளம் பெருகட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த வேலை. ஆனால் வந்த மீன் வாழ்ந்தது. ஆரஞ்சு துடுப்பு, திமில் கொண்ட சொந்த மீன் சரிந்து விட்டது.

அந்த குறிப்பேடு இல்லாவிட்டால் இந்த விஷயம் வெளியே தெரிந்தே இருக்காது.

இதில் இன்னொரு கூத்து. 1940-களிலேயே புகழ் பெற்ற இந்த மீனுக்கு சரியான அறிவியல் பெயர் என்ன என்பதே 2018-ல்தான் உறுதியானது. பெயர், டார் ரெமாதேவி. கேரளாவின் பாம்பாற்றில் கிடைத்த மீனுக்கு 2007-ல் வைக்கப்பட்ட பெயர் அது. சென்னையில் விலங்கியல் ஆய்வு மையத்தில் பணியாற்றிய மீன் ஆராய்ச்சியாளர் ரெமாதேவியை கவுரவித்து வைத்தது. காவிரியின் திமில் மஹசீரும் அதே இனம்தான் என்று தெரிந்தது.

அதே 2018-ல் சர்வதேச இயற்கை பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனை 'மிக அபாய நிலையில் உள்ளது' என்று அறிவித்தது. அழிவுக்கு ஒரு படி முன்னால் என்று பொருள். நீலகிரி, சத்தியமங்கலம் காடுகள் வழியாக ஓடி பவானிசாகருக்கு வரும் மோயாற்றில் இவை இன்னும் எஞ்சி இருக்கின்றன.

சரணாலய பகுதியில் தூண்டில் போட 2010-களின் தொடக்கத்தில் தடை வந்தது. காட்டுக்குள் எந்த உயிரையும் தொடக்கூடாது என்பது சட்டம். தூண்டில்காரர்கள் போனதால் ஆற்றில் கண்காணிப்பும் போய் விட்டது என்று ஒரு தரப்பு சொல்கிறது. இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

விடவே கூடாத மீன்

பிடித்ததை விடுவது புண்ணியம் என்று எல்லா மீனையும் விடக்கூடாது. ஆப்பிரிக்க கெளுத்தி மாட்டினால் திரும்ப தண்ணீரில் போடாதீர்கள். தட்டையான பெரிய தலை, மீசை, உடம்பெல்லாம் கரும் திட்டு. இதுதான் அடையாளம். கண்ணில் பட்ட மீன் எல்லாவற்றையும் விழுங்கும். 2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசு இதை வளர்க்க தடை விதித்தது. ஆனாலும் திருட்டுத்தனமாக வளர்த்து, வெள்ளத்தில் தப்பி ஆறுகளுக்கு வந்து விடுகிறது.

வீட்டு கண்ணாடி தொட்டியில் வளர்க்கும் 'டேங்க் கிளீனர்' மீனும் அப்படித்தான். வளர்ந்ததும் போர் அடித்து ஏரியில் கொண்டு போய் விட்டு விடுகிறார்கள். அது பெருகி, முரட்டு உடம்பால் மீனவர்களின் வலையை கிழிக்கிறது.

விடுவதற்கும் பக்குவம் வேண்டும்

மீனை தூக்கி தண்ணீரில் வீசினால் பிழைத்து விடும் என்று நினைக்கக்கூடாது. பல மீன்கள் நீந்தி போன பிறகு செத்து விடும். கவனிக்க வேண்டியவை:-

* உலர்ந்த கையால் மீனை தொடாதீர்கள். மேலே உள்ள வழவழப்பு போனால் நோய் வரும். கையை நனைத்து பிடிக்க வேண்டும்.

* தூண்டில் முள்ளின் நுனியில் எதிர்ப்பக்கமாக நீட்டிக் கொண்டிருக்கும் சின்ன கொக்கியை கட்டிங் பிளேயரால் நசுக்கி விட்டால் முள் சுலபமாக கழன்று வரும்.

* முள்ளை விழுங்கி விட்டால் பிடுங்காதீர்கள். குடலும் சேர்ந்து வரும். நரம்பை மட்டும் வாய் ஓரத்தில் வெட்டி விடுங்கள்.

* செவுளுக்குள் விரலை விட்டு தொங்க விடாதீர்கள். போட்டோ வேண்டுமானால் தண்ணீரை ஒட்டியே, நொடியில் முடிக்க வேண்டும்.

* தலை ஓடும் தண்ணீரை பார்த்து இருக்குமாறு பிடித்து, அதுவாக வாலை ஆட்டி போகும் வரை காத்திருங்கள்.

இன்னொரு முக்கிய விஷயம். எல்லா இடத்திலும் தூண்டில் போட முடியாது. காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலய காடுகளுக்குள் மீன் பிடித்தால் வனத்துறை வழக்கு பாயும். அணைகளில் மீன்வளத்துறை உரிமம் வாங்கிய மீனவர்கள் தொழில் செய்கிறார்கள். கேட்டுக்கொண்டு போவது நல்லது.

கர்நாடகாவில் சிருங்கேரி கோவில் படித்துறையில் கை நீட்டினால் தொடும் தூரத்தில் மீன்கள் நீந்தும். பொரி போடுவார்கள். ஒருவரும் பிடிக்க மாட்டார்கள். சாமி மீன் என்ற ஒரு சொல்தான் அங்கே காவல்.

காவிரி திமில் மஹசீருக்கு அப்படி ஒரு படித்துறை இல்லை. குழம்புக்கு ஜிலேபி இருக்கிறது, ரோகு இருக்கிறது. அது ஆயிரம் கிடைக்கும். முதுகில் திமிலும் ஆரஞ்சு துடுப்புமாக ஒன்று மாட்டினால், அந்த ஒன்றை மட்டும் தண்ணீரில் விட்டு விட்டு வீட்டுக்கு போங்கள். சட்டி அன்றைக்கு காலியாக இருந்தாலும் பரவாயில்லை.