இருநூறு அடி ரோடும் ஒரு சதுப்பு நிலமும்

பல்லாவரத்துல பஸ் ஏறி, துரைப்பாக்கம் ரேடியல் ரோடு வழியா ஓ.எம்.ஆர். காலேஜுக்குப் போற ஆளா நீங்க? அப்படின்னா தினமும் பல்லாவரம் பெரிய ஏரியையும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தையும் குறுக்கே வெட்டிக்கிட்டுப் போறீங்க பாஸ்! ஏரியை அந்த ரோடு ரெண்டு துண்டாக்கிடுச்சு. சதுப்பு நிலத்திலோ, ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, இன்னொரு பக்கம் கூழைக்கடாவும் பூநாரையும். நடுவுல நம்ம 200 அடி ரோடு.

'அவ்வளவு பெரிய இடத்துல 200 அடி என்ன பண்ணிடும்?'னு கேட்கலாம். மேட்டர் அகலத்துல இல்லை, உயரத்துல! சதுப்பு நிலத்துல ரோடு போட மண்ணைக் கொட்டி மேடாக்கணும். தண்ணிக்கு அது ஓர் அணை. தென்சென்னைப் பக்கம் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளோட உபரிநீர் பள்ளிக்கரணைக்குத்தான் வருது. அங்கே பரவி நின்னு, மெதுவா ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய்னு நகர்ந்து கோவளம் பக்கம் கடலுக்குப் போகுது. மெதுவா நகர்றதாலதான் வண்டல் அடியில தங்குது, கோரையும் நாணலும் அழுக்கை வடிகட்டுது. குறுக்கே மேடு வந்துட்டா, ரோட்டுக்கு அடியில இருக்குற பாலக்கண் மட்டும்தான் வழி. அதையும் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் அடைச்சுக்கிட்டா?

2015 டிசம்பர்ல வேளச்சேரித் தெருக்கள்ல படகு ஓடினது ஞாபகம் இருக்கும். பழியை ரோட்டு மேல மட்டும் போட முடியாது. 1960-கள்ல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்த சதுப்பு நிலம், 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறும்போது சுமார் 1,248 ஹெக்டேர். மிச்சத்துல கட்டடம், குப்பை, ரோடு எல்லாத்துக்கும் பங்கு உண்டு.

வெள்ளமாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத வில்லன் ஒண்ணு இருக்கு. வண்டியில கசியுற ஆயில், பிரேக் தேயும்போது உதிர்ற செம்புத் தூள், டயர்ல இருக்குற துத்தநாகம்... வெயில் காலம் முழுக்க ரோட்டுல படியுற இதெல்லாம், முதல் மழையில மொத்தமா கழுவிக்கிட்டு ஏரிக்குள்ள போயிடும். அமெரிக்காவோட சியாட்டில் பக்கம், மழை பெஞ்சதும் ஓடைகள்ல கோஹோ சால்மன் மீன்கள் கொத்துக் கொத்தா செத்து மிதந்துச்சு. பல வருஷம் துப்பறிஞ்சு 2020-ல் ஆளைப் பிடிச்சாங்க. டயர் வெடிப்பு விடாம இருக்கச் சேர்க்குற ரசாயனம், காத்துல இருக்குற ஓசோனோட சேர்ந்து விஷமா மாறியிருக்கு!

அப்போ ரோடே வேணாமா? டிராஃபிக்ல ஒரு மணி நேரம் நிக்கிறவங்ககிட்ட அப்படிச் சொன்னா உதைதான் விழும். ஆனா மண்ணைக் கொட்டாம தூண் மேல தூக்கிக்கிட்டுப் போகலாம். மழைத்தண்ணியை நேரா ஏரியில விடாம, புல் வளர்ந்த வாய்க்கால்ல ஓடவிட்டு, ஒரு குட்டையில தங்கவெச்சு அனுப்பலாம். செலவு கூடும்தான். வெள்ள நிவாரணத்துக்கு ஆகுற செலவை மட்டும் ஏன் யாரும் ரோட்டுக் கணக்குல சேர்க்கிறதில்லை?

சிவில் டிபார்ட்மென்ட் மக்களுக்கு ஒரு குட்டி புராஜெக்ட். அடுத்த பெருமழை விட்டதும், ரேடியல் ரோட்டோட ரெண்டு பக்கமும் தண்ணி மட்டத்தை அளந்து பாருங்க. எத்தனை பாலக்கண்ல தண்ணி நிஜமாவே ஓடுதுன்னும் எண்ணுங்க. ரெண்டு பக்கமும் மட்டம் ஒண்ணா இல்லைன்னா, அந்த எண்களோட நேரா நெடுஞ்சாலைத் துறை ஆபீஸுக்குப் போகலாம்.