திறன்பேசி இயங்க மறுத்தால்

மனித வாழ்வை எளிதாக்கிய கருவிகளுள் திறன்பேசியும் ஒன்றாகும். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பல இல்லங்களில் ஒரே ஒரு திறன்பேசியே வகுப்பறையாக விளங்கியதை நாம் அறிவோம்.

அத்தகைய கருவி ஒருநாள் திடீரென இருண்டுவிட்டால், நாம் மனங்கலங்கிக் கடைக்கு ஓடுகிறோம். சிலர் புதியது வாங்கக் கடன்படவும் துணிகின்றனர். நோயைத் தீர்க்குமுன் அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும் என்பது ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை காட்டிய நெறி. அது கருவிகளுக்கும் பொருந்துவதே.

முதலாவதாக, கருவி உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று அறிதல் வேண்டும். வேறொரு தொலைபேசியிலிருந்து அதன் எண்ணுக்கு அழைத்துப் பார்ப்போம். மணி ஒலித்தாலோ அதிர்வு உண்டானாலோ கருவி உயிருடன் உள்ளது. பழுது பெரும்பாலும் திரையில்தான் என்று தெளியலாம்.

இரண்டாவதாக, மின்கலத்தைக் கருதுவோம். திறன்பேசியில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். 1991ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இவ்வகை மின்கலத்தின் ஆக்கத்திற்காக ஜான் குட்இனாஃப், ஸ்டான்லி விட்டிங்ஹம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். இம்மின்கலம் அடியோடு வற்றிவிட்டால், மின்னூட்டியில் இணைத்த உடனே திரையில் எவ்வித அடையாளமும் தோன்றாமல் இருக்கலாம். அதனைக் கண்டு கம்பியைப் பிடுங்கிவிடலாகாது. அரைமணி முதல் ஒருமணி நேரம் வரை பொறுத்திருந்து, பின்னர் விசையை அழுத்துதல் வேண்டும்.

அப்போதும் பயனில்லையெனில், சுவரிலுள்ள மின்செருகியில் வேறொரு கருவியைப் பொருத்திப் பார்ப்போம். வேறொரு கம்பியையும் மின்னூட்டியையும் மாற்றிப் பார்ப்போம். கருவியின் அடியிலுள்ள துளையில் சட்டைப்பைப் பஞ்சும் புழுதியும் அடைத்துக்கொண்டிருத்தல் உண்டு. உலர்ந்த மென்மையான தூரிகையால் அதனைத் துடைக்கலாம். ஊசியோ ஊக்கோ நுழைத்தல் கூடாது.

மூன்றாவதாக, மென்பொருள் சிக்கிக்கொண்டு கருவி உறைந்து போயிருக்கலாம். ஆண்டிராய்டு வகைத் திறன்பேசிகள் பலவற்றில், இயக்க விசையையும் ஒலி குறைக்கும் விசையையும் ஒருசேர 10 முதல் 20 வினாடிகள் அழுத்திப் பிடித்தால் கருவி மீண்டும் தொடங்கும். ஐபோன் 8 முதலான பிந்திய வகைகளில், ஒலி கூட்டும் விசையை அழுத்தி விட்டு, ஒலி குறைக்கும் விசையையும் அழுத்தி விட்டு, பின்னர் ஆப்பிள் சின்னம் தோன்றும்வரை பக்கவிசையைப் பிடித்திருத்தல் வேண்டும். இதனால் கருவியில் சேமித்த படங்களும் எண்களும் அழிந்துவிடுவதில்லை.

மழையில் நனைந்த கருவியாயின் முறை வேறு. அதனை மின்னூட்டியில் இணைத்தலே ஆகாது. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளுறுப்புகள் அரித்துக் கெடும். துளை கீழ்நோக்கி இருக்குமாறு பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமுள்ள இடத்தில் ஒருநாள் உலரவிட வேண்டும். அரிசியில் புதைத்து வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அரிசியின் தூள் துளைக்குள் புகுந்து தீங்கு செய்யுமாதலின் அதனைத் தவிர்த்தலே நன்று.

மாணவச் செல்வங்களே, இதனை மட்டும் மறவாதீர்கள்! கருவியின் முதுகு உப்பியிருந்தாலோ, தாங்கொணாச் சூடு எழுந்தாலோ, அதனைத் தொட்டுச் சோதித்தல் உங்கள் வேலையன்று. மின்கலத்தினுள் வாயு திரண்டால் இவ்வாறு உப்பும். அதனை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பற்றக்கூடும். உடனே பெரியவர்களிடம் தெரிவியுங்கள். பெரியவர்களும் அதனை மின்னூட்டியில் இணைக்காமல், எரியும் பொருள்களுக்கு அப்பால் வைத்து, பழுதுபார்ப்போரை நாடுதல் வேண்டும்.

இத்தனை செய்தும் பயனில்லையெனில் கடைக்குச் செல்வதே முறை. ஆயினும், கருவியைக் கொடுக்குமுன் சிம் அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளிருப்பவற்றை அழித்துச் சரிசெய்யலாம் என்று கடைக்காரர் கூறினால், உடனே தலையசைத்துவிடலாகாது. மறைந்த பாட்டியாரின் குரலும் பிள்ளையின் முதல் படமும் அதில் இருக்கலாம். கருவியை மீண்டும் வாங்கலாம். அவற்றை எங்கே வாங்குவது?

எனவே, கருவி நன்கு இயங்கும்போதே படங்களை வேறோரிடத்தில் படியெடுத்து வைப்போம். இன்றியமையாத எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். பொறுமையுடன் ஒவ்வொன்றாக ஆராய்ந்தால், பெற்றோர் வியர்வை சிந்தி ஈட்டிய பணம் வீணாகாமல் காக்கலாம்.