கரகரப்பு இல்லாத வானொலி: டிஜிட்டல் முறையின் பயன்கள்

ஆடுதுறை 27 நெல்லைத் தஞ்சை விவசாயிகள் 'வானொலி நெல்' என்றே அழைத்தார்கள். 1960களில் அதன் சாகுபடி முறைகள் திருச்சி வானொலி வழியாக அவர்களை எட்டியதே காரணம்.

ஆனால் மாதவரத்திலும் மணலியிலும் மாடு கறக்கும் வேளையில் மத்திய அலையைத் திருப்பினால், பேச்சோடு கரகரப்பும் சேர்ந்து வருகிறது. இதற்குத் தீர்வாக வந்ததே டிஜிட்டல் வானொலி.

கரகரப்பு ஏன்?

மத்திய அலையில் பேச்சுக்குத் தக்கபடி அலையின் உயரம் கூடிக் குறைகிறது. தொழிற்சாலை மோட்டார், வெல்டிங், மின்கம்பி ஆகியவற்றின் மின் இரைச்சலும் அந்த உயரத்தையே மாற்றுகிறது. எது பேச்சு, எது இரைச்சல் என்று பெட்டியால் பிரிக்க முடிவதில்லை.

வேலை செய்யும் விதம்

டிஜிட்டல் முறையில் ஒலி 0, 1 என்ற எண்களாக மாற்றப்படுகிறது. காது கவனிக்காத பகுதிகளை நீக்கிச் சுருக்கி, பிழை திருத்தும் எண்களையும் சேர்த்து, பல நுண்ணிய அலைகளில் பிரித்து அனுப்புகிறார்கள். வழியில் சில எண்கள் கெட்டாலும், மற்றவற்றைக் கொண்டு பெட்டி கணக்கிட்டுச் சரிசெய்து கொள்ளும்.

ஆகாசவாணி இதற்கு 'டி.ஆர்.எம்.' முறையைத் தேர்ந்தெடுத்து, சென்னை உள்பட நாடெங்கும் சுமார் 35 மத்திய அலை ஒலிபரப்பிகளை அமைத்தது.

பயன்கள்

1. ஒலி பண்பலையைப் போலத் தெளிவாக இருக்கும். பண்பலை எட்டாத தூரத்துக்கும் செல்லும். கடல் நீரின் மேல் மத்திய அலை மேலும் தொலைவு போவதால், காசிமேட்டு விசைப்படகுகளுக்கும் உதவும்.

2. ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளைத் தரலாம். சந்தை விலை, வானிலை போன்றவற்றை எழுத்தாகவும் அனுப்பலாம்.

3. ஒலிபரப்ப மின்சாரம் குறைவாகவே செலவாகும்.

4. புயல் எச்சரிக்கையை உடனே அறிவிக்க வசதி உண்டு. 2016 வர்தா புயலிலும், 2023 மிக்ஜாம் வெள்ளத்திலும் மின்சாரமும் செல்போனும் நின்றுபோன பகுதிகள் பல. அத்தகைய வேளையில் பாட்டரி வானொலியே துணை.

கவனிக்க வேண்டியவை

பழைய பெட்டியில் டிஜிட்டல் ஒலிபரப்பு கேட்காது. 'உஸ்' என்ற இரைச்சலே வரும். தனிப் பெட்டி வேண்டும். அதன் விலையும் சாதாரணப் பெட்டியை விட அதிகம். சில புதிய கார்களில் இவ்வசதி பொருத்தப்பட்டு வந்துள்ளது. அலை மிகவும் பலவீனமானால் ஒலி மங்காது, ஒரேயடியாக நின்றுவிடும்.

ஆகவே வாங்கும்முன் உங்கள் வீட்டிலோ தொழுவத்திலோ வைத்துக் கேட்டுப் பாருங்கள். ஜன்னல் ஓரம் வைத்தும், பெட்டியைத் திருப்பியும் சோதியுங்கள். பேச்சு விட்டுவிட்டு வந்தால் அந்த இடத்தில் அலை போதவில்லை என்று அறியலாம். அதுவரை பழைய பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். இரண்டு பாட்டரிகளையும் கைவசம் வைத்திருங்கள். மழைக்காலத்தில் அவசியம் உதவும்.