மருத்துவச் சீட்டில் எழுதியிருப்பது என்ன?



ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்த பிறகு கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புகிறார்கள். நம்மில் பலர் அதை அப்படியே மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறோம். இன்னும் சிலர் அதிலுள்ள ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடக்கிறார்கள். அந்தச் சீட்டு உங்கள் உடம்பைப் பற்றியது. அதில் அடிக்கடி வரும் சொற்களை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ‘பாசிட்டிவ்’, ‘நெகடிவ்’. பாசிட்டிவ் என்றால் தேடியது இருந்தது. நெகடிவ் என்றால் தென்படவில்லை. டிங்கிச் சோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால், “நல்லதுதானே!” என்று சந்தோஷப்படக் கூடாது. ‘நெகடிவ்’ என்று வந்தும் காய்ச்சல் விடவில்லையென்றால் மறுபடியும் போய்க் காட்ட வேண்டும். ஆனால் ‘ஓ பாசிட்டிவ்’ என்பது நோயல்ல, அது ரத்த வகை.

‘என்.ஏ.டி.’ என்று மூன்று எழுத்து இருக்கும். கோளாறு எதுவும் தென்படவில்லை என்று பொருள். எதைச் சோதித்தார்களோ அதற்கு மட்டுந்தான் இது பொருந்தும். நெஞ்சு எக்ஸ்ரேயில் என்.ஏ.டி. என்றால், சிறுநீரகமும் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

‘பி.பி.’ ரத்த அழுத்தம். மேலே உள்ள எண் இருதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழே உள்ளது அது தளரும்போது உள்ளது. உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு வெவ்வேறு நாளில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ரத்தக் கொதிப்பு. சீட்டில் ‘எச்.பி.டி.’ என்று எழுதுவார்கள். “எனக்குத் தலைவலியே இல்லையே ஐயா” என்பார்கள். வலி இல்லாமலேதான் இது பல பேருக்கு இருக்கிறது.

‘டி.எம்.’ என்றால் இனிப்பு நீர். இதில் ஒரு குழப்பம் உண்டு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் 126 என்று படிப்பீர்கள். நம் நாட்டுச் சீட்டில் 7.0 என்று இருக்கும். இரண்டும் ஒன்றே, அளவு முறைதான் வேறு. நம் எண்ணை 18 ஆல் பெருக்கினால் அந்த எண் வரும். சாப்பிடாமல் எடுத்த ரத்தத்தில் 7.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்பு நீர் என்று சந்தேகித்து, மறுசோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். “ஏழுதானே, சின்ன எண்தானே” என்று விட்டுவிடாதீர்கள்.

‘எச்.பி.’ ரத்தத்தின் சிவப்புச் சத்து. பெண்களுக்கு 12க்குக் கீழும், ஆண்களுக்கு 13க்குக் கீழும், கர்ப்பிணிகளுக்கு 11க்குக் கீழும் போனால் ரத்தச் சோகை. வெட்டு முடிவதற்குள் மூச்சு வாங்குது, கால் இழுக்குது என்று சொல்லும் சகோதரிகள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும்.

சிறுநீரில் ‘ஆல்புமின்’ என்ற இடத்தில் ‘நில்’ என்றால் இல்லை. ‘1+’, ‘2+’, ‘3+’ என்று கூடக்கூட அதிகம் போகிறது என்று அர்த்தம். பரீட்சை மார்க்கு மாதிரி பிளஸ் கூடினால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. சிறுநீரகத்தைப் பார்க்கச் சொல்லும் அறிகுறி அது.

மருந்து அடிக்கும் வேலையில் இருப்பவர்கள் சீட்டில் ‘கோலினெஸ்டரேஸ்’ என்று ஒன்று இருக்கலாம். சிலவகைப் பூச்சி மருந்துகள் உடம்புக்குள் போனால் இது குறையும். ஆகவே இதில் குறைவுதான் கெடுதி. வேலையில் சேருமுன் எடுத்த அளவோடு ஒப்பிட்டால்தான் சரியாகத் தெரியும். அதனால் பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: கிளைபோசேட் போன்ற புல் மருந்தின் பாதிப்பை இந்தச் சோதனை காட்டாது. ‘நார்மல்’ என்று வந்துவிட்டது, இனிக் கையுறை எதற்கு என்று இருந்துவிடாதீர்கள்.

கடைசியில் ‘ஃபிட்’ அல்லது ‘அன்ஃபிட்’ என்று இருக்கும். வேலை போய்விடும் என்று பயந்து ‘அன்ஃபிட்’ சீட்டை ஒளித்து வைப்பவர்கள் உண்டு. மருந்து அடிக்கத் தகுதியில்லை என்று எழுதியிருந்தால், அது அந்த வேலையைப் பற்றியதே. எந்த வேலைக்கும் ஆகாது என்பதல்ல. இரசாயனத்தால் பாதிக்கப்பட்டவரை அந்த வேலையிலிருந்து விலக்கிக் காப்பதற்கு, 2000ஆம் ஆண்டு வந்த இரசாயனப் பாதுகாப்பு விதிகளில் இடமுண்டு. சீட்டை மறைத்தால் அந்தப் பாதுகாப்பைக் கேட்க வழியில்லை. கிளைச் செயலாளரிடம் காட்டிப் பேசுங்கள்.

‘டி.சி.ஏ.’ என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டிருந்தால் அன்றைக்குத் திரும்ப வரவேண்டும் என்று அர்த்தம். சீட்டிலேயே முக்கியமான எழுத்து இதுதான் என்பேன். உடம்பு நல்லா இருக்கே என்று நினைத்துப் போகாமல் இருப்பவர்களே அதிகம்.

சீட்டு வாங்கும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: எது சரியில்லை? நான் என்ன செய்யணும்? திரும்ப எப்போது வரணும்? கேட்பதில் வெட்கமில்லை. டாக்டரிடம் கேட்க முடியாமல் போனால் உங்கள் தோட்டத்து மருத்துவ உதவியாளரிடம் சீட்டை எடுத்து வாருங்கள். படித்துச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.